ஆய்வுக்குப் புறப்படும் மகளும் அவளை அனுப்பும் வீடும்



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றைப் பலமுறை படித்தேன். எழுதியவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் தந்தை. அவருடைய மூத்த மகள் உளவியலில் முதுகலை முடித்தவர். ‘நெட்’ எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் பிரிவில் தேறி, நேர்முகத் தேர்வையும் கடந்து, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவியாக இடம் பெற்றிருக்கிறார். சேர்வதற்கு இன்னும் மூன்று திங்கள் உள்ளன.

மகிழ்ச்சிக் கடிதமாக வந்திருக்க வேண்டியது கவலைக் கடிதமாக வந்திருக்கிறது. “ஹஜ்ரத், ‘பைத்தியம் பார்க்கிற படிப்புக்கா மச்சான் புள்ளையை அனுப்புறீங்க’ என்று மைத்துனர் கேட்கிறார். படித்து முடித்தாலும் மருந்து எழுத முடியாது என்கிறார்கள். நல்ல இடத்திலிருந்து சம்பந்தமும் வந்திருக்கிறது. நிக்காஹை முடித்துவிட்டுப் படிக்கட்டுமா, படித்துவிட்டு முடிக்கட்டுமா? மனத்தைப் பற்றிய படிப்பு ஈமானைக் கலைக்குமோ என்ற அச்சமும் இருக்கிறது. பெட்டி கட்ட என் மனைவி ஆயத்தமாகிவிட்டாள். எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.”

இந்தக் கடைசி வாக்கியத்திற்காகவே இம்மாதப் பகுதியை அவருக்கு ஒதுக்கினேன். அடியேன் கலைப் பட்டதாரி. உளவியல் அறிஞன் அல்லன். எனினும் நம் மதரஸாவில் ஓதிய பெண்மக்கள் சிலர் இவ்வழியில் சென்றிருக்கின்றனர். அவர்களிடமும் அவர்தம் ஆசிரியப் பெருமக்களிடமும் கேட்டறிந்ததையும், பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளில் படித்தறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ‘டாக்டர்’ என்ற சொல் செய்யும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தொழிற்படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் பெற்றவர். நோயாளியை மதிப்பிடுவதும் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பதும் அவர் பணி. உளவியலில் பொதுவான முனைவர் பட்டம் பெறுபவரோ ஆராய்ச்சியாளர். அவர் பெயருக்கு முன்னாலும் ‘டாக்டர்’ வரும். ஆனால் அந்தப் பட்டம் ஒன்றைக்கொண்டே மருத்துவ உளவியலாளராகப் பலகை மாட்டிக்கொள்ள இயலாது.

ஆகவே மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மகளிடம் இப்போதே பேசிவிட வேண்டும். “நோயாளிகளோடு அமர்ந்து குணப்படுத்தவே ஆசை” என்று அவர் சொன்னால், இது அந்தப் பாதை அன்று. அவ்வழியில் செல்வோர் நெடுங்காலம் மருத்துவ உளவியல் எம்.ஃபில். படித்து வந்தனர். 2022 விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன, மருத்துவ உளவியலுக்கு 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு தரப்பட்டது. இனி அத்துறைக்குச் செல்வோர் கவுன்சிலின் அண்மை அறிவிப்பைப் பார்த்த பின்பே எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்ட வேண்டும்.

தம் மகள் சொன்ன பதிலையும் தந்தை எழுதியிருக்கிறார்: “மனநோய் கண்ட பிள்ளையைக் குடும்பத்தார் ஏன் இவ்வளவு தாமதமாக மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள் என்பதைக் கண்டறிய வேண்டும், அத்தா.” அப்படியானால் அவர் சரியான வாசலில்தான் நிற்கிறார்.

இக்கேள்வி நம் சமுதாயத்திற்கு அந்நியமானதன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி எரிந்தனர். மாண்டோர் 28 பேர். நாடு அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் அதே ஊரில் மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களா? தகப்பன்மார், அண்ணன்மார், கணவன்மார். முதலில் யாரிடம் போனார்கள், எத்தனை ஆண்டு அலைந்தார்கள், எந்தச் சொல் அவர்களை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது? மேடையில் கண்டித்துப் பேசுவதற்கு இவை தெரிய வேண்டியதில்லை. அடுத்த தகப்பன் அலையாதிருக்க வேண்டுமானால் யாரேனும் ஒருவர் வீடு வீடாகச் சென்று, பொறுமையாகக் கேட்டு, எண்ணி, எழுதியாக வேண்டும். ஆராய்ச்சி என்பது இதுதான்.

அது எவ்வாறு நடக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும், தமிழகக் கிராமம் ஒன்றில் மனநோயாளிகள் வந்து தங்கும் முத்துசுவாமி கோயிலில் ஆய்வு செய்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். மூன்று மாதங்களில் அங்கே தங்கி உதவி நாடிய 31 பேரையும் வந்தபோது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அளவிட்டனர். சராசரியாக ஆறு வாரத் தங்கல், மருந்து இல்லை. நோயின் கடுமையைக் காட்டும் அளவுகோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிப்பட்ட சடங்கு எதுவும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலில் தங்கியிருந்ததே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

இதைக் கேட்டதும் சிலர் “பார்த்தீர்களா, மருந்தே வேண்டாம்” என்று கிளம்புவார்கள். வேறு சிலர் “அனைத்தும் கட்டுக்கதை” என்பார்கள். ஆய்வு மாணவி இரண்டையும் சொல்லக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. எண்ணிக்கையும் 31 மட்டுமே. வீட்டிலேயே அன்பாக ஆறு வாரம் வைத்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்? மருந்தோடு அன்பும் சேர்ந்தால்? திரும்பிப் போன பின் என்ன ஆயிற்று? இவ்வாறு கேட்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இத்தனை ஆண்டுகள்.

நம்மவருக்கு இது புரியாத முறையன்று. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், இடையில் ஒருவர் விடுபட்டாரா என்று பார்க்காமல் நம் முன்னோர் ஏற்றதில்லை. உளவியல் துறையும் அண்மையில் இப்பாடத்தை வேதனையோடு படித்திருக்கிறது. ஏற்கெனவே அச்சேறிய 100 ஆய்வுகளைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் பலர் கூடி மறுபடியும் செய்து பார்த்து, 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டனர். முதலில் அந்த ஆய்வுகளுள் 97 விழுக்காட்டில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு வந்திருந்தது. மறுமுறை செய்தபோது 36 விழுக்காட்டில்தான் வந்தது. அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பிப் புறப்படும் பெண்ணுக்கு இது முதல் எச்சரிக்கை. தன் முடிவு தனக்குப் பாதகமாக வந்தாலும் உள்ளபடி எழுதும் நெஞ்சுரம் வேண்டும். அந்த அமானிதத்தைக் காக்கும் பிள்ளைகளை நம் வீடுகள் வளர்த்திருக்கின்றன என்றே நம்புகிறேன்.

இனி அந்த மூன்று திங்கள்.

மகள் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது புள்ளியியல். கலைப் பிரிவிலிருந்து வரும் பெண்கள் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான் என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் கூறினார். கணினி பொத்தானை அழுத்தினால் விடை தரும். ஆனால் அந்த விடை என்ன சொல்கிறது என்று கணினி சொல்லாது. ஆகவே சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவற்றைத் தாளில் கையால் போட்டுப் பழக வேண்டும். உங்கள் கடையில் முப்பது நாள் விற்பனைக் கணக்கு இருக்கிறதே, சகோதரரே! அதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் எது? வெள்ளிக்கிழமை விற்பனை உண்மையிலேயே கூடுகிறதா, அல்லது நமக்கு அப்படித் தோன்றுகிறதா என்று மகளும் தந்தையும் சேர்ந்து பார்க்கலாம். அதன் பிறகு ‘ஆர்’, ‘ஜமோவி’ போன்ற கணினி நிரல்களுக்குச் செல்லட்டும். அவை இலவசம். விலை கூடிய நிரலின் திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டு உண்மையை ஆராய்வது பொருந்தாது.

இரண்டாவது வாசிப்பு. நூறு கட்டுரைகளைச் சேர்த்து வைப்பதைவிட, தன் தலைப்பை ஒட்டிய பத்துக் கட்டுரைகளை முழுமையாகப் படிப்பது மேல். முன்னுரையும் முடிவுரையும் எவரையும் மயக்கிவிடும். யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம், என்ன கேட்டார்கள் என்ற நடுப்பகுதியை முதலில் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் தன் சொந்த நடையில் எழுதி வைக்கட்டும். முதலாண்டு முடிவில் அந்தக் குறிப்பேடு உதவுவதுபோல் வேறெதுவும் உதவாது என்பது சென்று வந்தவர்கள் சொன்னது.

மூன்றாவது மொழி. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் வீடுகளால் கொடுக்க முடிந்த பெருஞ்செல்வம் இது. உளவியலில் பயன்படும் வினாநிரல்கள் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை. ஆங்கிலத்தில் துயரத்தைக் குறிக்க ‘புளூ’ என்ற சொல் வரும். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டு நம் ஊர்ப் பெரியம்மாவிடம் போய், “சென்ற வாரம் நீலமாக இருந்தீர்களா?” என்று கேட்டால், சாயம் போன துப்பட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்! இதைத் தவிர்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைக் காணாத மற்றொருவர் அந்தத் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டுத் திருத்துவார்கள். நல்ல முறைதான். ஆனால் வீட்டுத் தமிழ் தெரியாதவர் கையில் அதுவும் பயன் தராது.

நம் பெண்கள் மனச்சோர்வு என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. “நெஞ்சை அடைக்கிறது”, “கைகால் ஓய்ந்து கிடக்கிறது”, “சோறு இறங்கவில்லை”, “ஓதினால் மனம் நிற்கவில்லை” என்பார்கள். தொழுகையில் ரக்அத்தை மறந்து மறந்து மீண்டும் தொழும் பெண் “வஸ்வாஸ் வந்துவிட்டது” என்பாள், அதற்குமேல் சொல்லமாட்டாள். ஒளூவுக்காக மணிக்கணக்கில் குழாயடியில் நின்று கைகளைப் புண்ணாக்கிக்கொண்டவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். பேணுதல் என்று பாராட்டியும் இருப்போம். இச்சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிய, அவற்றைக் கேட்டு வளர்ந்த காதுகள் வேண்டும். ஆகவே இந்த மூன்று திங்களில் மகள் நன்னியிடமும் அம்மாவிடமும் அமர்ந்து, மனம் நோவதைச் சொல்ல அவர்கள் எத்தனைச் சொற்களை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். இது ஆய்வு ஆகாது. ஆய்வுக்குப் போகும் கட்டுச்சோறு.

அடுத்து ஆய்வு நெறியாளர். முனைவர் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரின் இயல்பே மாணவியின் நாள்களை நிர்ணயிக்கிறது. விதிமுறைப்படி ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்கவும் கூடாது. இவற்றைக் கேட்டறிவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அதைவிட முக்கியம், அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்யும் பெண்களிடம் மகள் தனியே பேசுவது. எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார்? வீட்டு வேலை, வங்கி வேலைக்கெல்லாம் மாணவரை அனுப்புகிறாரா? பெண் மாணவிகளை மரியாதையாக நடத்துகிறாரா? முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆறாண்டு ஒரு நெறியாளரின் கீழ் அனுப்பும்போது விசாரிக்காமல் இருக்கலாமா?

ஆறாண்டு என்றது மேல் எல்லை. குறைந்தபட்சம் மூன்றாண்டு. முதற்கட்டம் ‘கோர்ஸ் ஒர்க்’ எனப்படும் பாடப் பயிற்சி. குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி நேர்மை பற்றிய பாடமும் அதில் உண்டு. அதில் 55 விழுக்காடு பெற்றால்தான் ஆய்வைத் தொடர்ந்து செய்து ஆய்வேட்டை அளிக்க முடியும். ஆறு திங்களுக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நின்று பணியின் நிலையைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் பணியும் தரப்படலாம். கடைசியில் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள இருவரேனும் மதிப்பிட, வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

இத்தனையிலும் பள்ளிக்கூடம்போல் ஆண்டு முடிவில் “தேர்ச்சி” என்ற அட்டை வராது. வீட்டார் பொறுமை இழப்பது இதனால்தான். “இன்னுமா முடியவில்லை?” என்று பெருநாள்தோறும் உறவினர் கேட்க, அந்தப் பெண் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டதை நான் அறிவேன். மனத்தைப் படிப்பவருக்கும் மனம் சோரும். கட்டுரை திருப்பி அனுப்பப்படும். பேட்டிக்கு ஒப்புக்கொண்டவர் கதவைச் சாத்துவார். சேர்த்த தரவுகள் எதிர்பார்த்ததைச் சொல்லாது. அப்போது வீட்டிலிருந்து வரும் தொலைபேசி, “சாப்பிட்டாயா அம்மா” என்று மட்டும் கேட்டால் போதும். உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றிப் போனால், படித்த பெண்தானே என்று விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றித் தந்தை ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: “மைனாரிட்டி மாணவர்களுக்கு அரசு பணம் தருகிறதாமே?” தந்தது; இப்போது இல்லை. 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022–23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. இது நம் பிள்ளைகளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி யாராவது படிவம் நிரப்பப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மகள் தேறியிருக்கும் பிரிவு சேர்க்கைக்கு மட்டுமே உதவும். அதனால் மாத உதவித்தொகை வராது. நெட் தேர்வின் முதற்பிரிவான ஜே.ஆர்.எஃப். பெற்றவர்க்கே 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் என்று விகிதம் உயர்த்தப்பட்டது. அதற்குரிய வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. ஆய்வில் சேர்ந்த பின்னும் அத்தேர்வை எழுதலாம். எனவே முதலாண்டுச் செலவைக் கைப்பணத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, ஜே.ஆர்.எஃப். முயற்சியை விடாமல் தொடர்வதே அறிவுடைமை. மகளின் நகையை அடகு வைத்து அனுப்ப வேண்டாம். ஜமாஅத்தில் வசதியுள்ளோர் இதைப் படிக்க நேர்ந்தால், கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை இத்தகைய பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்துக்குக் கொடுப்பதைப் பற்றியும் எண்ணிப் பார்க்கலாம்.

நிக்காஹ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். “இவ்வாண்டு திருமணம், அடுத்த ஆண்டு படிப்பு” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், ஒன்றைக் கவனியுங்கள். முனைவர் சேர்க்கைக்கு மட்டும் உரிய அந்த நெட் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். இடத்தை இப்போது விட்டால் தேர்வு, நேர்முகம் எல்லாம் முதலிலிருந்து. “தபால் வழியில் படிக்கட்டுமே” என்பார்கள். முனைவர் பட்டத்தை அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ வழங்க விதி இடமளிக்கவில்லை. (தங்கையும் உளவியல் படிக்க விரும்பினால், 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் அப்பாடத்தில் அஞ்சல், இணைய வழிச் சேர்க்கையையே மானியக் குழு நிறுத்திவிட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) பகுதிநேர ஆய்வுக்கு இடமுண்டு, வேலையில் இருப்பவர் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும்.

அதற்காக வந்த சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். மணமும் ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விதிமுறையே பெண்களுக்கு வழக்கமான கால எல்லைக்கு மேல் இரண்டாண்டுத் தளர்வு தந்திருக்கிறது. மறுபதிவு உட்பட மொத்தம் பத்தாண்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவே. பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள்கள் வரை விடுப்பு உண்டு. இவற்றை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே, பெண் பார்க்க வந்த அன்றே, சொல்லிவிட வேண்டும். முதலாண்டு பல்கலைக்கழக ஊரில் தங்க வேண்டும். அதன்பின் வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்று பேட்டி காண வேண்டும். கடைசி ஆண்டு எழுதுவதற்குத் தனி அறையும் இடையூறற்ற பொழுதும் வேண்டும். “சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று மறைத்து முடித்த சம்பந்தங்களில் பாதிப் படிப்போடு திரும்பிய பெண்களை நம் ஊர்களில் காண்கிறோம். நிக்காஹின்போது ஏற்ற நிபந்தனைகளை நிறைவேற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். எந்த நிபந்தனை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதில் மத்ஹபுகளின் இமாம்களிடையே விளக்க வேறுபாடு உண்டு. ஆனால் சபையில் கொடுத்த வாக்கைக் காப்பது முஸ்லிமின் கடமை என்பதில் வேறுபாடு ஏது? என் கருத்தைக் கேட்டால், பேச்சை இப்போது முடித்து, பாடப் பயிற்சி நிறைவான பின் நிக்காஹ் வைத்துக்கொள்வது இரு வீட்டாருக்கும் இலகு.

ஈமான் பற்றிய அச்சத்திற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல், மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். கோபம், அச்சம், துயரம், ஓயாத வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். மனநோயைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. அதற்காக, இன்றைய உளவியல் முழுவதும் நம் கிதாபுகளில் முன்பே இருக்கிறது என்று மகள் வகுப்பில் வாதாடவும் வேண்டாம். அது அந்தப் பெரியார்களுக்கும் பெருமை சேர்க்காது. பாடத்தில் தனக்கு ஒவ்வாத கோட்பாடு வந்தால், அதை ஆதரிப்பவரைவிட நன்றாக அதைப் புரிந்துகொண்ட பின் மறுக்கட்டும். ஐவேளைத் தொழுகையை விடாத பெண்ணுக்கு ஃபிராய்டைப் படித்ததனால் ஒன்றும் ஆகிவிடாது.

வீட்டாருக்கென ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, இதுவே கடினமானது. மகள் உளவியல் படிக்கிறாள் என்று தெரிந்ததும் உறவினர் தத்தம் பிள்ளைகளை அழைத்துவருவார்கள்: “இவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று பார்த்துச் சொல்.” அவர் சொல்லக்கூடாது, சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. மறுக்கும்போது “திமிர் வந்துவிட்டது” என்று பேச்சு வரும். அந்தப் பேச்சைத் தந்தை தாங்கிக்கொண்டு, 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற இலவச மனநல உதவி எண் அது; தமிழிலேயே பேசலாம்.

மற்றொன்று, ஆய்வுக்காக மகள் நம் பக்கத்து ஊர்களிலேயே வீடுகளுக்குச் செல்லக்கூடும். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, பேசுபவரிடம் விளக்கி ஒப்புதல் வாங்கி, பெயரை மறைத்தே எழுதுவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதை வற்புறுத்துகின்றன. மாலையில் வீடு திரும்பியதும், “அந்த வீட்டுப் பையனுக்கு என்னவாம்? கல்யாணத்தை மறைத்தா செய்தார்கள்?” என்று அம்மாவோ மாமியோ கேட்கக்கூடாது. ஊரில் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் ஒரு சொல் கசிந்தாலும் ஒரு பெண்ணின் வாழ்வு குலையும். அதன்பின் எந்தக் கதவும் உங்கள் மகளுக்குத் திறக்காது. தாழ்ப்பாள் உள்ள ஒரு பெட்டியை வாங்கிக் கொடுங்கள். பெட்டி கட்டும் தாயாருக்கு அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறிப்பேடுகள் அதில் இருக்கட்டும். சாவி மகளிடம் இருக்கட்டும்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டிய அலுவலக வேலை ஒன்று. உங்களிடம் இருப்பது மாநில அரசின் ‘பி.சி. முஸ்லிம்’ சாதிச் சான்றிதழ் என்று எழுதியிருக்கிறீர்கள். நெட் தேர்வுக்கும் மத்திய உதவித்தொகைக்கும் அது போதாது. மத்திய அரசின் ஓ.பி.சி. படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்று தனியே வேண்டும். இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைப் பிரிவினர் அப்பட்டியலில் உள்ளனர். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அடுத்த நெட் அறிவிப்பு வரும் முன் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.